அம்மோனியா இன்னும் பச்சை

இனிமேல் வாளி தூக்குவதில்லை என்று ஜெரோம் முடிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து திரும்பும் வழியில், கேம்ப் ரோட்டு சிக்னலில். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஏஞ்சலுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சிக்னல் விழுவதற்குள் முடிவு மாறியிருக்கும்.

வாளி விவகாரம் இதுதான். சேலையூரில் அவர்கள் வீடு முதல் மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே ஏஞ்சல் வெண்டை, கத்தரி, முளைக்கீரை என்று பைகளில் ஒரு குட்டிக் கோயம்பேட்டையே வளர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் கட்டியவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தார், குழாய் வைக்க மறந்துவிட்டார். ஆகவே கோடை ஆரம்பித்ததும், ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் ஜெரோமின் கையில் வாளி ஏறியது. தாம்பரம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் அவர் கையெழுத்துக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். வீட்டில் அவர் வாளிக்கு வெண்டைச் செடிகள் காத்திருந்தன.

ஏஞ்சலிடம் 'முடியாது' என்று சொல்ல அவருக்குத் தைரியம் உண்டு. சொன்ன பிறகு அங்கேயே நிற்கத்தான் தைரியம் போதாது. எனவே சாயங்காலம் முழுவதும் ஹாலை விட்டு நகர முடியாதபடி ஒரு வேலை தேவைப்பட்டது. அது கௌரவமான வேலையாகவும் இருக்க வேண்டும். இரண்டு நாள் யூடியூபில் தேடி அதைக் கண்டுபிடித்தார்.

மீன் தொட்டி வந்து இறங்கியது. நல்ல அகலமான கண்ணாடித் தொட்டி. அடியில் கூழாங்கல், மூலையில் குமிழி விடும் ஃபில்டர், நிறையத் தண்ணீர். ஏஞ்சல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மீன் எங்கங்க?"

"மீன் இப்பக் கிடையாது. முதல்ல தொட்டியை சைக்கிள் பண்ணணும்."

"இதுக்கு வீல் எங்க இருக்கு?"

ஜெரோம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மீன் கழிவுலேர்ந்து அம்மோனியா வரும். அது விஷம். அதைத் தின்ன ஒரு பாக்டீரியா வேணும். அது தின்னுட்டு நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம். இன்னொரு பாக்டீரியா வந்து அதை நைட்ரேட்டா மாத்தும். அது அவ்வளவு மோசமில்லை. இந்த ரெண்டு பேரும் குடிவந்த பிறகுதான் மீன்."

"நைட் ரேட் சரி, பகல் ரேட் எவ்வளவு?"

"ஏஞ்சல், இது விஞ்ஞானம்."

"சரிங்க. எத்தனை நாள் ஆகும்?"

"மாசக்கணக்குல ஆகும். தினம் சாயங்காலம் தண்ணியை டெஸ்ட் பண்ணணும்." பெரிய வருத்தத்தோடு பெருமூச்சு விட்டார். "பாரு, சரியா செடிக்குத் தண்ணி ஊத்தற நேரத்துல வந்து மாட்டுது."

"பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. செடியை நான் பாத்துக்கறேன்."

சண்டை இல்லை, முகம் தூக்கல் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் நடந்ததில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஏஞ்சல் வாளியோடு மாடி ஏறினாள். ஜெரோம் சோதனைக் குழாயோடு சோபாவில் அமர்ந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியிறங்கும் ஒவ்வொரு தடவையும், குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

பாக்டீரியாவுக்கு அம்மோனியா வேண்டும் என்பதற்காக, காலி தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுவார். அது அழுகி அம்மோனியா ஆகும். கீழ் வீட்டுப் பொன்னியம்மாள் கொத்தமல்லி கேட்டு வந்தபோது இந்தக் காட்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா சார், தீனி போடுறீங்க, உள்ள மீனே இல்லியே?"

"மீனுக்கு இல்லம்மா. பாக்டீரியாவுக்கு."

"அது எங்க கீது?"

"கண்ணுக்குத் தெரியாது."

பொன்னியம்மாள் ஏஞ்சலைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "ஏம்மா, சாருக்கு எப்பலேர்ந்து இப்புடி?"

"சாயங்காலத்துல மட்டும்தான்க்கா" என்றாள் ஏஞ்சல்.

ஜெரோமுக்கு ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அம்மோனியா டெஸ்டில் சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினால் தண்ணீர் நிறம் மாறும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை ஏற ஏற அம்மோனியா அதிகம். நடுவில் இளம்பச்சை, கிளிப்பச்சை, கரும்பச்சை என்று அட்டையில் வரிசையாகக் கட்டம் போட்டிருந்தார்கள். ஜெரோமின் கண்ணில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் விஞ்ஞானி அதை எப்படி ஒத்துக்கொள்வது?

"ஏஞ்சல், இங்க வா. எனக்குத் தெரியுது. இருந்தாலும் இன்னொருத்தர் கருத்தும் கேக்கறதுதான் முறை."

ஏஞ்சல் பட்டுப்புடவைக் கடையில் ஒரே பச்சையில் பத்து வித்தியாசம் சொல்லக்கூடியவள். குழாயை வாங்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். "மாந்துளிர் மாதிரி இருந்தது, இன்னைக்கு வேப்பிலை ஆயிடுச்சுங்க."

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றார் ஜெரோம்.

அன்றிலிருந்து டெஸ்ட் செய்வது அவர், ரிசல்ட் சொல்வது அவள் என்று ஆகிவிட்டது.

சில நாள் கழித்து ஏஞ்சல் குழாயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பச்சை ரொம்ப ஏறிடுச்சே. இப்ப என்ன பண்ணணும்?"

"பாதித் தண்ணியை எடுத்துட்டுப் புதுத் தண்ணி விடணும். வாட்டர் சேஞ்ச்னு பேரு."

"எடுத்த தண்ணியை?"

"சிங்க்ல ஊத்திடலாம்."

"ஐயய்யோ, பாக்டீரியாவையா? நாம பாத்திரம் கழுவற இடங்க. மாடியில கொண்டு போய் ஊத்திடுங்க."

நியாயமாகத்தான் பட்டது. முதல் வாளியைத் தூக்கினார். அவர் படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஒரே இடத்துல கொட்டிடாதீங்க. தளம் ஊறி ஒழுகும். ஒவ்வொரு பையா பிரிச்சு ஊத்துங்க."

பிரித்து ஊற்றினார். வெண்டைக்கு ஒரு வாளி, கத்தரிக்கு ஒரு வாளி, கீரைக்கு ஒரு வாளி. பிறகு குளியலறையிலிருந்து அதே அளவு புதுத் தண்ணீர் பிடித்துத் தொட்டியை நிரப்பினார். முன்பு ஒரு தடவை தூக்கிய தண்ணீரை இப்போது இரண்டு தடவை தூக்கினார். ஆனால் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. படியில் எதிரே வந்த பொன்னியம்மாள், "செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீறீங்களா சார்?" என்று கேட்டபோது அவருக்குக் கோபமே வந்தது.

"இல்லம்மா. செடிக்கு ஊத்தறது வேற. இது வாட்டர் சேஞ்ச்."

மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. ஜெரோம் தீனியைக் குறைத்துப் பார்த்தார். நிறுத்தியும் பார்த்தார். ஏஞ்சல் குழாயை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, வருத்தத்தோடு தலையாட்டுவாள்.

"இன்னும் பச்சைதாங்க."

"நம்ம போர் தண்ணி அப்படி. விடமாட்டேன்" என்பார் ஜெரோம், வாளியை எடுத்துக்கொண்டே.

அவர் தோற்பவர் இல்லை. பேன்ட் இடுப்பில் தளர்ந்தது, கையில் சதை இறுகியது. சாப்பாட்டில் வெண்டைக்காய்ப் பொரியல் வந்தது, வெண்டைக்காய் மோர்க்குழம்பு வந்தது, வெண்டைக்காய்ப் பச்சடி வந்தது. பொன்னியம்மாள் வீட்டுக்கும் பை நிறையப் போனது. அவள் வாங்கிக்கொண்டு, "உங்க வெண்டிக்கா மட்டும் எப்புடிம்மா இவ்ளோ தளதளன்னு கீது?" என்று கேட்க, "சாரோட விஞ்ஞானம்தான்க்கா" என்றாள் ஏஞ்சல். ஹாலில் இருந்த ஜெரோமின் காதில் அது தேனாக விழுந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மூன்று சாயங்காலம் தொடர்ந்து தாம்பரம் பக்கமெல்லாம் கொட்டித் தீர்த்தது. மூன்றாம் நாள் ஜெரோம் வாளியைத் தயாராக வைத்துக்கொண்டு குழாயை நீட்டினார். ஏஞ்சல் டியூப்லைட் பக்கம்கூடப் போகவில்லை.

"மஞ்சள்" என்றாள்.

"நல்லாப் பாரு."

"சுத்தமான மஞ்சள்ங்க. போய் மீன் வாங்கிட்டு வாங்க."

ஜெரோமுக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மழைக்கோட்டு மாட்டி, கேம்ப் ரோட்டு வண்ண மீன் கடைக்கு வண்டியை விட்டார். கடைக்கார ஆரோன் தண்ணீரைச் சோதித்து, "சூப்பர் சார், பக்காவா இருக்கு" என்றான். ஜெரோம் போனில் தொட்டியின் படத்தைக் காட்டினார். ஆரோன் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கண்ணாடில பாசி நல்லாப் புடிச்சிருக்கே. எப்ப ரெடியாச்சு சார்?"

"இன்னைக்குத்தான்."

"இன்னைக்கா? இதைப் பாத்தா ரெடியாகி ரொம்ப நாள் ஆன தொட்டி மாதிரில்ல இருக்கு. நீங்க தினம் டெஸ்ட் பண்ணலையா?"

"தினம் பண்ணினேன். கலர் மட்டும் என் வொய்ஃப் பாத்தாங்க."

ஆரோனுக்கும் கல்யாணமாகியிருந்தது. அவன் உடனே குனிந்து மீன் பிடிக்க ஆரம்பித்தான்.

வீட்டுக்கு வந்த ஜெரோம் மீன் பையைத் தொட்டியில் மிதக்க விட்டார். உள்ளே சிவப்பும் நீலமுமாகக் குட்டி மீன்கள் துள்ளின. ஏஞ்சல் கன்னத்தில் கை வைத்து ரசித்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை மொட்டை மாடியில் நிதானமாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"ஏஞ்சல்."

"ம்?"

"கோபிச்சுக்க மாட்டேன். உண்மையைச் சொல்லு. அந்தத் தண்ணி என்னைக்கு மஞ்சளாச்சு?"

ஏஞ்சல் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் வெண்டைப்பூ பூத்த அன்னைக்கேங்க."