குடை மேடமும் என் வயிற்றெரிச்சலும்

குடையை மடக்கத் தெரியாத மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் மைசூரில், எங்கள் கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மெண்டில், எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்.

சொந்த ஊர் கொள்ளேகால். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மழையோ வெயிலோ, அந்தக் கறுப்புக் குடை விரிந்தபடிதான் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் ஃபேனுக்குக் கீழேயும் விரிந்திருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் மடக்கச் சொல்லிக் கெஞ்சினால், "கம்பி மொரண்டு புடிக்குதுங்க" என்பார். பிள்ளைகள் குடை மேடம் என்று பெயர் வைத்தார்கள். பிரின்சிபாலும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் கல்லூரியும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ராஜஸ்தான் பாலைவனத்தில் புதைபடிவம் தேடப் போவதென்று முடிவானபோது, எங்கள் பக்கமிருந்து போனது நாங்கள் இருவர். ஜெய்சல்மேரையும் தாண்டி, ஒரு மரம்கூட இல்லாத இடம். ஒரு காலத்தில் கடலாம். இப்போது குடிக்கத் தண்ணீர் லாரியில் வர வேண்டும்.

எலும்பை முதலில் பார்த்தவர் யாரோ, அவர் பெயரைத்தான் அதற்குப் போடும் மாவுக்கட்டின் மேல் எழுத வேண்டும். ரிப்போர்ட்டிலும் அதே பெயர்தான். அதுதான் அங்கே சட்டம். என் பெயரில் ஓர் எலும்பாவது இல்லாமல் மைசூர் ஸ்டேஷனில் இறங்க மாட்டேன் என்று வீட்டில் சபதம் போட்டுவிட்டு வந்தவள் நான். மைசூர் அர்ஸ் ரோடு கடையில் விலை உயர்ந்த பூட்ஸ் வாங்கினேன். தொப்பி, கூலிங் கிளாஸ், ஜி.பி.எஸ். எல்லாம் இருந்தது. குடை மேடம் ரப்பர் செருப்பும் குடையுமாக வந்தார்.

முதல் நாளே அவருக்கு முதுகெலும்பு கிடைத்தது. செருப்பில் முள் குத்தியது என்று குனிந்தாராம்! மறுநாள் ஒரு விலா எலும்பு. எனக்குக் கிடைத்தது பூட்ஸ் கடித்த கொப்புளம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முதலில் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் காக்கை தினமும் உட்கார்ந்தது. பழமும் தினமும் விழுந்தது. வெள்ளைக்காரப் புரொபசர், "இன்றைக்கு நான் குடை மேடத்தோடு போகிறேன்" என்று சின்னப் பையன் மாதிரி அடம்பிடிப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

தோண்டும்போது எலும்பு உடையாமலிருக்க, கை முறிந்தால் போடுகிற மாதிரி மாவுக்கட்டுப் போடுவோம். ஒரு நாள் மாவு தீர்ந்துவிட்டது. குடை மேடம் சமையல் கூடாரத்துக்குள் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த ராகி மாவைக் கூழாய்க் காய்ச்சி, சாக்குத் துணியில் தோய்த்து எலும்பைச் சுற்றிவிட்டார்.

"இது நிக்குமா மேடம்?"

"களி கிண்டுன கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா புள்ள? காஞ்சா கல்லாட்ட நிக்கும் பாரு."

காய்வதற்குள் ஒரு மந்தை ஆடு வந்தது. கட்டை ஆனந்தமாக நக்க ஆரம்பித்தது. அப்பாடா, கடவுள் கண்ணைத் திறந்தார் என்று நான் குளிர்ந்து போனேன். மேடம் "ஹே! ஹோகு! ஹோகு!" என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டு ஓடினார். ராஜஸ்தான் ஆட்டுக்குக் கன்னடம் புரியுமா? ஓடியவர் தடுக்கி விழுந்தார். குடை மட்டும் விரிந்தபடி தலைக்கு மேலேயே நின்றது.

தடுக்கியது ஒரு தொடை எலும்பு.

அன்று நான் சாப்பிடவில்லை. "வெயிலுக்குப் பசிக்கலையா புள்ள?" என்று அவரே தட்டோடு வந்தார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற வேறு ஆள் வேண்டாம்.

கடைசி நாளும் வந்தது. காலை முழுக்க அலைந்து வெறுங்கையோடு கூடாரத்தில் கிடந்தேன். குடை மேடம் வெறும் தலையோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"புள்ள, அந்த மேட்டுக்கு அந்தாண்ட குடைய வெச்சுட்டு வந்துட்டேன். கால் வலிக்குது. எடுத்துட்டு வந்துடறயா?"

எலும்பு தேட வந்தவள் கடைசியில் குடை தூக்கப் போகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். மேட்டுக்கு அப்பால் குடை விரிந்து நின்றது. அதன் நிழலில், பல் வரிசையோடு முழுசாக ஒரு தாடை! முதலை ஜாதி. நான் போட்ட கூச்சலில் முகாமே ஓடி வந்தது. புரொபசர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். பல் இடுக்கில் ஒரு துளி மணல் இல்லை. யாரோ பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைத்திருந்தார்கள். மேடம் மட்டும் போகாமல் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நெஜமா சொல்லுங்க மேடம். நீங்க முன்னாடியே பாத்துட்டீங்கதானே?"

"நானா? குடைக்குக் கீழ நெழலுதான் புள்ள இருந்துச்சு."

சொல்லிவிட்டு, மணலில் நின்ற குடையைப் பிடுங்கி, சடக்கென்று ஒரே நொடியில் மடக்கி என்னிடம் நீட்டினார். "இதப் புடி. ரெண்டு கையாலயும் நான் தொட்டுப் பாக்கோணும் உன் தாடைய."

பொய் சொல்வதிலும் கெட்டிக்காரி! விட்டுக்கொடுப்பதிலும் என்னை முந்திக்கொண்டாரே என்று எரிந்துகொண்டேதான் அன்று மாவுக்கட்டின் மேல் என் பெயரை எழுதினேன். பக்கத்தில் ஒரு சின்னக் குடையும் வரைந்தேன். விரித்தபடி.