நான் கைதாகாத வியாழக்கிழமை

தீர்மானித்துவிட்டேன். இந்த நாட்டைக் காப்பாற்ற ஒரு நாள் பல்வலி லீவு போடுவது என்று.

வியாழக்கிழமை அந்த மாபெரும் தலைவர் டில்லியிலிருந்து பெங்களூருக்கு வருகிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஏறினால் என் மனைவி பவுலின் ஒரு வாரத்துக்கு உப்பில்லாத ரசம் வைப்பாள். அவருக்காக நான் ஏற்கெனவே இழந்தது போதும்.

எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. இருபத்தாறு வருஷமாக நான் பாய்லர் ஓட்டும் அரசாங்கத் தொழிற்சாலையை, நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி விற்கப் பார்க்கிறார். நஷ்டமாம்! மூன்று வருஷமாக எங்களுக்கு ஆர்டர் வராமல் பார்த்துக்கொண்டதே அவருடைய ஆட்கள்தான். கையைக் கட்டிப் போட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டால் எரியுமா எரியாதா? விருப்ப ஓய்வு என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடாதவனை வடக்கே எங்கேயோ மாற்றிவிடுவார்களாம். விருப்பம் யாருடையது என்று அந்தப் படிவத்தில் எழுதவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். போன மாசம் ஒரு கூட்டத்தில் பேசினார். இந்த நாட்டில் சிலர் சொந்தக்காரர்களாம், சிலர் வாடகைக்கு இருப்பவர்களாம். வாடகைக்காரர்கள் சத்தம் போடாமல் இருக்கவேண்டுமாம். மைதானமே கை தட்டியது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்து அதை அணைத்தேன். என் தாத்தா கன்டோன்மென்டில் ரோடு போட்டவர். பக்கத்து வீட்டு ஃபாத்திமாவின் மாமனார் அதே ரோட்டில் நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இவர் ஒரு நாள் வந்து, காரில் போய், எங்களை வாடகைக்காரன் என்பாரா?

மறுநாள் விவேக் நகர் மளிகைக் கடையில் ஒருத்தர், பத்து வருஷமாக என்னிடம் பேப்பர் ஓசி வாங்கிப் படிப்பவர், "என்ன வாடகைக்காரரே, சௌக்கியமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆகவே கறுப்புக் கொடி. தொழிற்சாலை வாசலில் நாற்பது பேர் முன்னால் மார்பைத் தட்டி, "முதல் வரிசையில் இந்த யூஜின் நிற்பான்!" என்று அறிவித்துவிட்டேன். கூட வேலை பார்க்கும் அர்ஜுனன் விசிலே அடித்தான்.

வீட்டுக்கு வந்து பவுலினிடம் சொன்னேன்.

"எனக்கு ஒரு கறுப்புக் கொடி தைச்சுக் குடு."

"எத்தனை அடி?"

அழுவாள், காலைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடி கேட்கிறாள்.

"உனக்குப் பயமா இல்லையா? பிடிச்சு உள்ள போடுவாங்க."

"போடட்டும். அப்புறம்?"

"அப்புறம்... சஸ்பெண்ட் பண்ணுவாங்க."

"ரிட்டயர் ஆக எத்தனை வருஷம் இருக்கு?"

"மூணு."

"உங்களை வெளிய அனுப்ப ஒரு சாக்கு கிடைக்காதான்னு அலையறாங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுக்கறீங்க."

"புரட்சிக்காரன் இதெல்லாம் பார்க்க மாட்டான்!"

"சரி. போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொடி பிடித்து நிற்கும் என் போட்டோ எந்தப் பேப்பரில் வரும் என்ற யோசனையில் இருந்தேன்.

சிவாஜிநகர் போய்த் துணி வாங்கி வந்தாள். ஐந்து மீட்டர்.

"ஒரு கொடிக்கு அஞ்சு மீட்டரா?"

"மீதி பாவாடைக்கு."

"யாருக்கு? யானைக்கா?"

"உங்க அக்கா ஊர்லேருந்து வராங்கல்ல, அவங்களுக்கு."

நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது என் கொடி தயாராக இருந்தது. பவுலின் தையல் மிஷினில் இன்னும் எதையோ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஃபாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் பாவாடைக்கு இத்தனை ஓரமா என்று நினைத்தேன். கொடியைத் தரை துடைக்கும் கம்பில் கட்டி, கண்ணாடி முன் நின்று நாலு கோஷம் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியே பயந்தது.

வியாழக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு நான் டிரினிட்டி சர்க்கிளில் இருக்கவேண்டும். ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, காஸ் தீர்ந்துபோச்சு."

ஓடினேன். லைட்டரைத் தட்டினேன். டிக், டிக். அடுப்பு பற்றவில்லை.

"சிலிண்டர்காரன் இன்னைக்கு வரேன்னிருக்கான். கார்டு மேஜை மேல இருக்கு. நான் நவநாள் பூசைக்குப் போறேன். நீங்க வீட்ல இருங்க."

"நானா? எனக்கு ஒன்பது மணிக்கு நாடு இருக்குடி!"

"எட்டரைக்கே வந்துடுவான். வாங்கி வச்சிட்டுக் கிளம்புங்க. ஆள் இல்லைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் இருபத்தோரு நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள அந்த டில்லி ஆள் இன்னொரு தடவை விலை ஏத்திடுவான்."

"நவநாளுக்கு இன்னைக்குத்தான் போகணுமா?"

"வியாழக்கிழமை நவநாளுக்கு வெள்ளிக்கிழமையா போவாங்க?"

வழக்கத்தைவிடப் பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். கூட ஃபாத்திமாவும் போனாள். எங்கள் குழந்தை இயேசு கோவிலுக்கு எல்லா மதத்துக்காரர்களும் வருவதுதான், அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

எட்டரை. ஒன்பது. பத்து. தெருவில் இரும்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் கார்டோடு ஓடினேன். ஒரு தடவை பழைய இரும்புக்காரன். ஒரு தடவை பால்காரர் கேன். பதினோரு மணிக்குத் தலைவர் கடந்து போயிருப்பார். கொடியைப் பார்த்தேன். பேச்சால் ஊரை இரண்டாக்குகிற அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், சிலிண்டர்காரன் வந்து சேரவில்லை. இந்த தேசத்தில் வரவேண்டியவன் வருவதே இல்லை. மத்தியானம் டீகூட இல்லாமல் காய்ந்த பிரெட்டைத் தின்றேன்.

இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் அர்ஜுனன் வந்து குதித்தான்.

"அண்ணே! நம்ம ஆளுங்க நாப்பது பேரையும் பஸ் ஸ்டாப்புலயே மடக்கிட்டாங்க. கறுப்பா எது இருந்தாலும் பிடுங்கிட்டாங்க. குடை, கர்ச்சீப், ஒருத்தரோட சாக்ஸ்கூட. நான் பின்னால வந்ததால தப்பிச்சேன்."

"அப்ப ஒரு கொடிகூடக் காட்டலையா?"

"காட்டலையா? முப்பத்தேழு கொடி அண்ணே! கோவில்லேருந்து பொம்பளைங்க வரிசையா வந்தாங்க. போலீஸே வழிவிட்டுச்சு. அந்த ஆள் காரு திரும்பிச்சோ இல்லையோ, எல்லார் பையிலேருந்தும் கைக்குட்டை சைஸ்ல கறுப்புக் கொடி! 'நாங்க வாடகைக்காரங்க இல்ல'ன்னு ஒரே சத்தம். அவரு கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு. முதல் வரிசையில யாரு தெரியுமா?"

தெரிந்துவிட்டது. ஐந்து மீட்டரும் தெரிந்துவிட்டது.

ஈஜிபுரா பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்களைக் கைது செய்து வைத்திருந்தார்கள். அர்ஜுனனின் ஸ்கூட்டரிலேயே போனேன். வாசலில், கன்னடம் கலந்து தமிழ் பேசும் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே மேடையில், மணப்பெண் நாற்காலியில் பவுலின். பக்கத்தில் ஃபாத்திமா.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்களும் வருவீங்க. உங்களை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. என்னை எதுலேருந்து சஸ்பெண்ட் பண்ணுவாங்க? சமையல்லேருந்தா? பண்ணட்டும், ரொம்ப நல்லது."

சிரிக்கவில்லை அவள்.

"ஃபாத்திமாவோட மக ஸ்கூல்லேருந்து வந்து, 'அம்மா, நம்ம ஊரு எது, எப்ப நாம அங்க போகணும்'னு கேட்டிருக்கா. ஏழு வயசுங்க. அதைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. கோபம் உங்களுக்கு மட்டும்தான் வரும்னு நினைச்சீங்களா? நீங்க கண்ணாடி முன்னால கத்தினீங்க. நான் அவன் முன்னால கத்தணும்னு நினைச்சேன்."

வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. வேலையாவது மண்ணாவது என்று ஒரு வேகம் வந்தது. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய் இரண்டு கையையும் நீட்டினேன்.

"சார், என்னையும் கைது பண்ணுங்க!"

கிருஷ்ணப்பா என்னைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தார்.

"என்னம்மா, இவரையும் எழுதிக்கலாமா?"

"வேணாம் சார். நாங்க முப்பத்தேழு பேரும் காலையிலேருந்து பட்டினி. அவரு வீட்டுக்குப் போய் சோறு வடிச்சு எடுத்துட்டு வரட்டும்."

"எதுல வடிக்கிறது? காஸே இல்லையே!" என்று கத்தினேன்.

"இருக்கு. போன வாரம்தான் மாத்தினேன். ரெகுலேட்டரைத் திருப்புங்க. காலையில மூடி வச்சேன்."

பாய்லர் ஹவுஸில் இருபத்தாறு வருஷமாக வால்வு திறந்து மூடுகிறவன் நான். என் பின்னால் நின்றிருந்த அர்ஜுனன் கூரையைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் என் பெயரை எழுதாமலே ரிஜிஸ்டரை மூடினார்.

"போலீஸ் நாங்க மூணு பேரு இருக்கோம் சார், நாப்பதா வடிச்சிடுங்க. ரசத்துல காரம் மட்டும் குறைச்சுடுங்க, கம்மி மாடி."