அம்மாவின் முழங்காலும் என் ஆங்கிலமும்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் முதலில் சொன்னது நான்தான். கடைசி வரை வேறு யாரும் சொல்லவில்லை.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். கொழுந்து சுமந்து மலையேறித் தேய்ந்த அம்மாவின் முழங்கால் மூட்டைக் கொழும்பில் ஆபரேஷன் செய்து மாற்றினார்கள். தொடைச் சதை கரைந்துவிடாமல் இருக்க, பயிற்சியோடு புரோட்டீன் மாவும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். கொடகவெல டவுனில் பார்மசி வைத்திருந்த பாரூக் நானா, சொல்லியனுப்பி ஒரு பெரிய டின் எடுத்துத் தந்தார்.

டின்னில் ‘ஒரு வேளைக்கு இரண்டு ஸ்கூப்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஸ்கூப் என்றால் தேக்கரண்டி என்று நானே முடிவெடுத்தேன். (“விளங்குதா புள்ள?” என்று நானா கேட்டதற்கு, “எனக்கு வாசிக்கத் தெரியும்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தவள் நான்.) ஒன்றரை மாதமாகியும் டின் பாதிகூடக் குறையவில்லை. என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளினிக்கில் பிசியோதெரபி மிஸ் அம்மாவின் தொடையை நாடாவால் அளந்து முகம் சுளித்தார். மாவைக் கரைத்துக் குடிக்கிறீர்களா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

“மக தர்றத ஒரு சொட்டு விடாம குடிக்கிறேங்க” என்றாள் அம்மா.

அப்படியானால் மாவுதான் போலி என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மறுநாளே டின்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கடை நிறைய ஆள். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினேன். (யாருக்கும் விளங்காமல் போய்விடக் கூடாதே!)

“கள்ளச் சாமான வித்து எங்கம்மா கால நாசமாக்கிட்டீங்க!”

ஒரு பெரியவர் கையிலிருந்த மருந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் வாங்காமலே போய்விட்டார். நானா கையைக் கழுவித் துடைத்து, டின்னுக்குள் முழங்கை வரை விட்டார். வெளியே வந்தது என் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் கரண்டி.

“அளவுக் கரண்டி உள்ளுக்குத்தானே ஈக்குது புள்ள. நீங்க எதால அளந்தீங்க?”

“தேக்கரண்டியால...”

கடையே சிரித்தது. நானா மட்டும் சிரிக்கவில்லை. “இனிமேலாவது அம்மாவுக்குச் சரியாக் குடுங்க” என்றார். அம்மாவைப் பட்டினி போட்டது நான். திட்டு வாங்கியது நானா. மன்னிப்புக் கேட்க வாய் வராமல் டின்னை அணைத்துக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். “அவருகிட்ட மன்னிப்புக் கேட்டியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

அடுத்த வாரம், மெலிந்த அந்தக் காலை ஊன்றி, கைத்தடியோடு பஸ் ஏறிப் போய் அம்மாவே கேட்டுவிட்டு வந்தாள். அன்று நான் சோறு சாப்பிடவில்லை.

கால் தேறியது. பிறகு என் கல்யாணத்துக்கு நானா ஒரு பார்சலோடு வந்தார். அம்மா எல்லார் முன்னாலும் பிரித்தாள்: ஒரு டசன் தேக்கரண்டி. எங்கள் லயத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குனிந்த தலையை நான் நிமிர்த்தவேயில்லை.

மாப்பிள்ளையின் அத்தை பூரித்துப்போய்ச் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது:

“பொண்ணுக்கு எவ்வளவு வெக்கம் பாருங்க!”