கடைசி இடத்துக்கு நடந்த கடும் போட்டி

இந்தக் கதை நடந்ததை நான் பார்க்கவில்லை. என்னோடு அறையில் தங்கியிருக்கும் செந்தூரன் சொன்னான். அவனுக்கு அவன் சித்தப்பா சொன்னாராம். சித்தப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, "கதைக்குமா ரசீது கேப்பே?" என்றான். இதில் வரும் முயல் பொருளாதாரம் படித்தது என்று சொன்ன இடத்தில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆகவே முயலைப் பற்றிய பகுதிகளில் அவனுடைய கைவரிசை இருக்கலாம். இருந்தாலும் எதையும் நீக்காமல் எழுதுகிறேன்.

ஒரு காட்டில் நான்கு அணிகள் கொண்ட சடுகுடு லீக் ஒன்று இருந்தது. கிழக்குப் பாறை அணி சிறுத்தைக்குச் சொந்தம். பெரிய மடு அணி முதலைக்கு. தேக்கு மேடு அணி கரடிக்கு. மேற்கு ஓடை அணி காட்டுப்பன்றிக்கு. லீக்கின் தலைவரும் சிறுத்தைதான்.

சிறுத்தைக்குச் சுதந்திரச் சந்தையில் அசையாத நம்பிக்கை. புல் காய்ந்துவிட்டது, ஓடத் தெம்பில்லை, மழை வரும்வரை துரத்தாமல் இருக்க முடியுமா என்று மான்கள் மனுக் கொடுத்தபோது, அது ஒரே வரியில் பதில் எழுதிக் காட்டின் நான்கு மூலையிலும் ஒட்டச் சொன்னது: "திறமை உள்ளது பிழைக்கும்; குறுக்கீடு கூடாது."

லீக்கில் மட்டும் விதிகள் வேறு. எந்த அணியும் ஆட்டக்காரருக்கு ஓர் அளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. வசூலாகும் தேனை நான்கு முதலாளிகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது அணி தொடங்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஒரு சீசனில் கடைசியாக வரும் அணிக்கு, புதிதாக ஆட வருபவர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. பாவம், நலிந்த அணி அல்லவா.

ஒரு வயதான மான் துணிந்து கேட்டது: "ஐயா, கடைசியா ஓடுற மானுக்கும் இந்த மாதிரி ஏதாச்சும் சலுகை உண்டுங்களா?"

"அது சந்தை. இது விளையாட்டு," என்றது சிறுத்தை.

அந்த ஆண்டு புதிதாக ஆட வந்தவற்றில் ஓர் இளம் உடும்பு இருந்தது. பயிற்சியின்போது அது ஒரு காட்டெருமையின் பின்னங்காலைப் பிடித்தது. எருமை இழுத்துப் பார்த்தது, உதறிப் பார்த்தது, கடைசியில் கெஞ்சிப் பார்த்தது. அன்று முதல் நான்கு முதலாளிகளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

உடும்புக்கு வேறு கவலை. மேற்கு ஓடைக் கரையில் ஒரு புற்றில் அதுவும் கால் ஒடிந்த அதன் அம்மாவும் குடியிருந்தன. தினமும் மாலையில் ஒரு நாகம் வந்து, புற்றின் வாயில் தலையை நீட்டி, "தங்கச்சி, எந்த டீம்னு முடிவாயிடுச்சா? எப்போ கெளம்புறே?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகும். வேறு அணி எடுத்தால் உடும்பு அங்கேயே போய்த் தங்க வேண்டும். கிளம்பிய அன்றே நாகம் குடியேறிவிடும். அம்மாவால் ஓடக்கூட முடியாது. போகமாட்டேன் என்றால் ஆயுசுக்கும் எந்த அணியிலும் ஆட முடியாது. மேற்கு ஓடை அணி எடுத்தால் மட்டுமே ஆட்டமும் உண்டு, வீடும் உண்டு.

உடும்பு முயலிடம் போனது. முயல் அதன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டச் சான்றிதழை அதன் அப்பா வளையின் நட்டநடுவில் மாட்டிவைத்திருந்ததால் மற்ற முயல்கள் ஒருக்களித்துத்தான் போய்வந்தன. படித்து முடித்து இரண்டு வருடமாகியும் யாரும் அதனிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்று அது பயந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, நான் மேற்கு ஓடைக்கே ஆடணும். ஏதாச்சும் வழி இருக்கா?"

"நாளைக்குச் சொல்றேனே," என்றது முயல்.

விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தது. எதையாவது தவற விட்டிருப்போமோ என்று நான்காம் முறை கடைசிப் பக்கத்திலிருந்து படித்தது. மறுநாள் சொன்னது:

"வழி இருக்கு. மேற்கு ஓடை டீம் கடைசியா வரணும். அப்போ முதல் தேர்வு அவங்களுக்குத்தான். தோக்கக்கூடாதுன்னு விதியில எங்கயும் எழுதல."

மேற்கு ஓடையின் முதலாளி காட்டுப்பன்றிக்கு யோசனை மிகவும் பிடித்துப்போனது. "தோக்கணும், அவ்வளவுதானே? அதுல எங்களுக்குப் பதினோரு வருஷ அனுபவம் இருக்கு."

கதை இங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் முயலுக்கு மனம் கேட்கவில்லை. தகவல் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்காத சந்தை சந்தையே அல்ல என்று அது மூன்றாம் செமஸ்டரில் படித்திருந்தது. அந்தத் தாளில் அதற்குத் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். ஓர் அணியிடம் மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களை இருட்டில் விடுவது நேர்மையா? எனவே தன் கண்டுபிடிப்பை நான்கு பிரதிகள் எழுதி, நான்கு முதலாளிகளுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தது. முதலையிடம் போய், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக்கூட வாங்கிவந்தது.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் மேற்கு ஓடைக்கும் தேக்கு மேட்டுக்கும். மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் புள்ளி. பாட்டு நின்றால் அவுட். மேற்கு ஓடையின் குரங்கு கோட்டைத் தாண்டியதும் வாயை இறுக மூடிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

தேக்கு மேட்டின் கேப்டன் காட்டுப்பூனை. அது நடுவர் கொக்கைப் பார்த்துக் கத்தியது: "சார், பாடுறான்! எனக்கு நல்லாக் கேக்குது!"

"நான் வாயே தொறக்கல சார்!" என்றது குரங்கு.

"பாத்தீங்களா, தொறந்துட்டான்."

கொக்கு எந்தக் காலை மாற்றுவது என்று யோசிப்பதற்குள் தேக்கு மேட்டு ஆட்டக்காரர்கள் ஏழு பேரும் குரங்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"டேய், விடுங்கடா! அமுக்கிப் பிடிங்கடா என்னை!"

"ஐயோ, உங்களைப் போய் அமுக்குவோமா? பத்திரமா வீடு போய்ச் சேருங்க மாப்ளே."

கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய், அதன் பக்கத்தில் பதமாக இறக்கிவிட்டார்கள். தொட்டவர் ஏழு பேர். மேற்கு ஓடைக்கு ஏழு புள்ளி. குரங்கு விம்மி அழுதது. காட்டுப்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. "ஒரு ஆட்டத்தையாவது ஒழுங்காத் தோக்கத் தெரியுதாடா உங்களுக்கு?"

சீசன் முழுக்க இதே கதை. முதலையின் அணி வரவே வராமல் இருந்து தோற்கப் பார்த்தது, எதிரணியும் வரவில்லை. பார்க்க வந்த கூட்டம் மூன்றாம் வாரத்தில் கலைந்துபோனது. வெறுத்துப்போன கொக்கு எல்லா ஆட்டத்தையும் சமன் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. நான்கு அணிகளும் கடைசி இடம். நான்கு முதலாளிகளும் முதல் தேர்வு தனக்கே என்றார்கள்.

சிறுத்தை சீட்டுக் குலுக்கிப் பார்ப்போம் என்றது. பானை சிறுத்தையுடையது. சீட்டு எழுதியதும் அதுதான், எடுத்ததும் அதுதான். முதல் தேர்வு சிறுத்தைக்கு வந்தது. அடுத்து முதலை, அப்புறம் கரடி, கடைசியாகக் காட்டுப்பன்றி.

உடும்பு மறுபடியும் முயலிடம் வந்தது. சிறுத்தையின் கிழக்குப் பாறை இரண்டு நாள் நடைத் தூரம்.

"அண்ணே, அதை ஏன் எல்லாருக்கும் சொன்னீங்க?"

"அதுதான் நேர்மை."

"நான் உங்ககிட்ட நேர்மையையா கேட்டேன்? வழிதானே கேட்டேன்?"

முயல் காதைத் தொங்கப்போட்டது. "வேற வழி யோசிக்கிறேன். ஒரு வாரம் டைம் குடு."

"வேணாம்ணே. நீங்க எழுதினதை நானே படிச்சேன். தோக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்லைன்னு போட்டிருந்தீங்களே, அது ஆட்டக்காரங்களுக்கும் சேருமா?"

முயல் விதிப் புத்தகத்தை ஐந்தாம் முறை புரட்டியது. "அதைப் பத்தி விதி எதுவும் சொல்லல," என்றது.

மறுநாள் காலை, தேர்வுக்கு முன் முதலாளிகள் நால்வரும் கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். பாடிப் போக ஆள் வேண்டும். குரங்கு இனி ஜென்மத்துக்கும் பாடமாட்டேன் என்று மரத்தில் ஏறிக்கொண்டதால், குறிப்பெடுக்க வந்திருந்த முயலை இறக்கிவிட்டார்கள்.

முயல் நடுங்கிக்கொண்டே பாடிப் போனது. உடும்பு அதன் காலைப் பிடித்தது. அந்த ஒரு நொடி, கால் இனி தன்னுடையது இல்லை என்றே முயலுக்குத் தோன்றியது. அடுத்த நொடி பிடி நழுவியது. முயல் உருண்டு வந்து கோட்டைத் தொட்டது. மூன்று முறையும் அப்படியே நடந்தது.

சிறுத்தையின் கண் சுருங்கியது. "முயலே, இங்கே வா. நீ படித்தவன். பொய் சொல்லத் தெரியாதவன் என்றும் கேள்வி. உடும்புக்குப் பிடியே இல்லையா, அல்லது நடிக்கிறதா?"

முயலின் காலில் நகத்தடம் சிவந்திருந்தது. அதை மற்றொரு காலால் மறைத்துக்கொண்டது. உடும்பு நிமிரவில்லை, மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது. பிடி இல்லை என்றால் பொய். நடிக்கிறது என்றால் ஒரு வீடு போய்விடும். முயல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஐயா, மூன்றே முறை சோதித்து முடிவு சொல்வது முறையல்ல. முதல் நொடியில் கிடைத்த தரவும் இரண்டாம் நொடியில் கிடைத்த தரவும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. தரையின் ஈரம், என் எடை, என் அச்சம் ஆகிய காரணிகளை நாம் கணக்கில் எடுக்கவில்லை. வேறு ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. இந்நிலையில் ஆம் என்றோ இல்லை என்றோ கூறுவது அவசரமாகிவிடும். மேலும் ஆய்வு தேவை."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலை பாதியிலேயே தூங்கிவிட்டது. சிறுத்தை பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"புரிந்தது. ஒன்றுக்கும் உதவாது."

யாரைச் சொன்னது என்று முயல் கேட்கவில்லை.

சிறுத்தை மரநாயை எடுத்தது. முதலை நீர்நாயை, கரடி கீரியை. மிச்சம் இருந்தது உடும்பு மட்டும்தான். "வேற யாரும் இல்லையா?" என்று கொக்கைக் கேட்டுவிட்டு, காட்டுப்பன்றி முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. ஐந்து வருட ஒப்பந்தம், கடைசி ஆளுக்கு உள்ள அடிமட்டச் சம்பளம்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் சிறுத்தையின் அணி பாடி வந்தது. வந்த மரநாய் திரும்பிப் போகவில்லை. காட்டுப்பன்றி துள்ளிக் குதித்தது. உலகத்திலேயே மலிவாக வாங்கிய ஆட்டக்காரர் தன்னிடம் இருப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது.

முயலுக்கு அது உறுத்தியது. "உன் திறமைக்கு இது கால்வாசி விலைகூட இல்ல. நியாயமான சந்தை விலைன்னு பார்த்தா..."

"அண்ணே, இவ்வளவு யோசனை சொன்னீங்களே, பன்றி முதலாளி உங்களுக்கு என்ன குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கல."

"பட்டம் வாங்க எத்தனை வருஷம் ஆச்சு?"

"மூணு. ஒரு தாள்ல அரியர்."

உடும்பு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. படித்தவர் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்கலாம்.

நீதி: முதலாளி தோற்றால் சலுகை கிடைக்கும், தொழிலாளி தோற்றால் குறைந்த சம்பளத்தில் வேலை கிடைக்கும், இரண்டும் கிடைக்காதவர்கள் பொருளாதாரம் படிக்கலாம்.

இப்படி ஒரு தேர்வு விதியைக் காட்டில்தான் வைக்க முடியும் என்று நினைத்து, பிறகு தேடிப் பார்த்தேன். சுதந்திரச் சந்தையைப் பற்றி உலகத்துக்கே வகுப்பெடுக்கும் அமெரிக்காவில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய தொழில்முறைக் கால்பந்து லீக்கில், மிக மோசமாகத் தோற்ற அணிக்குத்தான் முதல் தேர்வு. 1936 முதல்.