இரண்டாவது கோல்

கேசட் பெட்டி நாடாவைத் தின்றுவிட்டது. இராமையா மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே குரக்கன் இடியப்பம் பிழிந்து வைத்த மாதிரி நாடா சுருண்டு கிடந்தது. மைதானத்தில் இரண்டு அணிகளும் கைகுலுக்கத் தொடங்கியிருந்தன.

"நான் அப்பவே செல்லல்லயா, பெட்டியும் பழசு, வச்சிருக்கிற ஆளும் பழசுன்னு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷப்ராஸ். அவர் முகத்தில் கவலையின் அறிகுறியே இல்லை.

ஏன் இருக்கப்போகிறது? ஷப்ராஸ் பிறந்தது கலகெதரயில், ஆதரிப்பதும் கலகெதர அணியை. கண்டி டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அவரிடம்தான் ஒலிபெருக்கியும் மைக்கும் இருந்தன. மாநகர சபையில் கிளார்க்காக இருக்கும் இராமையாவோ தெல்தோட்டைக்காரர். எதிரணி ரசிகரிடம் ஒலிபெருக்கியை இரவல் வாங்கி, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, தன் அணிக்குப் பாட்டுப் போடுவது அவர் தலைவிதி.

முப்பது வருட நட்பில் இருவரும் ஒத்துப்போனது பிளேன்டீயில் மட்டும்தான். ஷப்ராஸுக்கு இந்திப் பாட்டைத் தவிர வேறெதுவும் பாட்டே இல்லை. "உங்கட பாட்டுல எப்பயும் ஒருத்தன் மழையில நனைஞ்சிக்கிட்டே நிக்கிறான் மச்சான். ஒரு குடை வாங்கிக் குடுத்தா பாட்டே முடிஞ்சிரும்" என்பது அவருடைய நிரந்தரக் கருத்து.

இன்றைய ஆட்டம் தெல்தோட்டைக்கும் கலகெதரவுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் கேடயப் போட்டி. தொடங்கிய காலத்தில் எல்லாரும் இளவட்டங்கள். வயது ஏறியதே தவிர ஆட்கள் மாறவில்லை. இப்போது மைதானத்தில் பந்தைவிட தொந்திகள்தான் அதிகம் உருண்டன. ஆனால் கேடயத்துக்கு ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் வைத்திருக்கும் அணிக்கு அது நிரந்தரமாகச் சொந்தம். சமநிலையில் முடிந்தால், வைத்திருப்பவர்களிடமே இருக்கும். கடந்த இரண்டு வருடமும் கலகெதர ஜெயித்திருந்தது.

இராமையாவைக் கேட்டால் அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார். அந்த இரண்டு வருடமும் பாட்டுப் போடவில்லை.

அது மயில்வாகனத்தின் பாட்டு. இராமையாவின் கூட்டாளியான மயில்வாகனம் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, இரவல் அக்கோர்டியனோடு கண்டியில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பாடிப் பதிந்தது. உலகத்தில் அதற்கு ஒரே கேசட்தான் உண்டு. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்திக்காக ஒருவன் மழையில் நனைந்துகொண்டே காத்திருக்கும் பாட்டு. பந்து என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனாலும் முதல் வருடம் தெல்தோட்டை ஒரு கோல் போட்ட சந்தோஷத்தில் யாரோ அதைப் போட்டுவிட, பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்தது. அன்றிலிருந்து கோல் விழுந்தால் அந்தப் பாட்டுத்தான். முதல் கோலுக்கு நாய் படாத பாடு படவேண்டும். பாட்டைப் போட்டுவிட்டால் இரண்டாவது தானாக வரும். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மயில்வாகனம் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த ஆட்டத்தில் அந்தக் குரலைக் கேட்க இராமையாவுக்கு மனம் வரவில்லை, கேசட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். போன வருடம் பொடியன்கள் டிஜே ஒருவனைப் பிடித்து வந்தார்கள். இரண்டு முறையும் முதல் கோல் விழுந்தது. இரண்டாவது வரவேயில்லை.

கேடயம் இன்றைக்கு நிரந்தரமாகப் போய்விட்டால் அப்புறம் போட்டியே கிடையாது. போட்டி இல்லாவிட்டால் மயில்வாகனத்தின் பாட்டைப் போட இந்த உலகத்தில் ஒரு இடமும் இல்லை. இராமையாவை உண்மையில் அரித்தது அதுதான்.

அவர் கேசட்டின் ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றினார். அறுந்த இடத்தில் செலோடேப் ஒட்டினார். அவசரத்தில் நாடாவைப் புரட்டி ஒட்டியதைக் கவனிக்கவில்லை.

ஹந்தானை மலைப்பக்கமிருந்து பனிப்புகார் இறங்கும் நேரத்தில், முழங்காலில் துணி சுற்றிய கறுப்பையா கோர்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். முதல் கோல். தெல்தோட்டை ஆட்கள் வழக்கம்போல ஆடுவதற்குத் தயாராக, கையை உயர்த்திக்கொண்டு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார்கள். இராமையா பொத்தானை அமுக்கினார்.

கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகும் சத்தம் வந்தது.

"ஜின் பிடிச்ச மாதிரி ஈக்கிது" என்றார் ஷப்ராஸ்.

தெல்தோட்டை வீரர்கள் உயர்த்திய கையை இறக்காமல் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கலகெதரக்காரர்கள் நடுவிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு, இவர்களுக்கு நடுவே நடந்தே போய், கோலுக்குள் தட்டிவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று.

இராமையாவுக்கு அழுகை வராத குறை. அதைப் பார்த்து ஷப்ராஸுக்கே மனசு இளகிவிட்டது. தன் கைப்பேசியில் பழைய வட்ஸ்அப் குரூப்புகளைத் தோண்டத் தொடங்கினார். இடைவேளை முடிந்து ஆட்டம் பாதி தூரம் போன பிறகு, எப்போதோ ஒரு வருடம் யாரோ எடுத்த வீடியோ அகப்பட்டது. பின்னணியில் அந்தப் பாட்டு. வயரை மாட்டினார்கள்.

அக்கோர்டியன் எழுந்தது. இராமையா கண்ணை மூடிக்கொண்டார். மயில்வாகனம் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் இராமையாவின் குரலே ஒலிபெருக்கியில் வந்தது.

"இந்த ரெஃப்ரிய ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு வரச் சொல்லு. வீட்டுல பொஞ்சாதி சொன்னாத்தான் விசில் ஊதுவான் போல."

வீடியோ அதோடு முடிந்தது. மைதானமே சிரித்தது. அன்றைய நடுவர்தான் இன்றைக்கும் நடுவர். ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவர் நேரே மேசையை நோக்கி வந்தார்.

"பயப்படாத, திலகரத்ன ஐயாவுக்குத் தமிழ் தெரியாது" என்று இராமையா ஷப்ராஸின் காதில் சொன்னார்.

திலகரத்ன பல காலம் தோட்டப்பக்கம் தபால்காரராக இருந்து தமிழ் படித்தவர் என்பது அவர் வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"இராமையா, என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் தடங்கலில்லாத தமிழில். "என் பொஞ்சாதியும் இங்கதான் உக்காந்திருக்கா. அவளுக்குக் காது நல்லா கேக்கும்." சொல்லிவிட்டு மைக்கையும் வயரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம்தான் மிச்சம். கேசட் இல்லை, வீடியோ இல்லை, மைக்கும் இல்லை. இராமையா பிளாஸ்டிக் கதிரை மேல் ஏறி நின்றார்.

"மச்சான், இறங்கு. கதிரை தாங்காது" என்றார் ஷப்ராஸ்.

இராமையா பாடினார். குளியலறைக்கு வெளியே அவர் பாடியது அதுதான் முதல் தடவை. முதல் வரியில் குரல் உடைந்தது, இரண்டாம் வரியில் சுருதி எங்கோ போனது. மூன்றாம் வரியை மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மைதானத்துக்குள் மூச்சு வாங்க நின்ற கறுப்பையா, இடுப்பில் கை வைத்தபடி சேர்ந்துகொண்டார். பிறகு பார்வையாளர் பக்கம் முழுவதும் பாடியது. தலை நரைத்த ஆம்பிளைகள், பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்திக்காக மழையில் நின்றார்கள். ஷப்ராஸுக்கு ஒரு வரி விடாமல் மனப்பாடமாக இருந்தது. எப்படித் தெரியும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. இராமையாவின் கண்ணில் தண்ணீர் ஓடியது, அவர் துடைக்கவுமில்லை.

பாட்டு முடிந்து சற்று நேரத்தில், தெல்தோட்டையின் பின்வரிசையில் நின்ற கணேஸ் தன் காலடிக்கு வந்த பந்தைத் தொல்லை விட்டது என்று முன்னால் உதைத்தார். அது ஈரப்புல்லில் ஆடி அசைந்து, யாரும் துரத்தாமல், கலகெதர கோலை நோக்கிப் போனது. கோலில் நின்றவர் நவ்பர், ஊரே இரும்புக் கதவு என்று கூப்பிடும் ஆள். அவர் பார்வையாளர் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் குனிந்தார். பந்து அவர் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போனது.

அடுத்து விசில் ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. கேடயத்தைத் தூக்கிக்கொண்டு தெல்தோட்டைக் கிழவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள், முடியாதவர்கள் நடந்தார்கள்.

இராமையா கதிரையிலிருந்து இறங்கி ஷப்ராஸின் தோளைப் பிடித்துக்கொண்டார். மயிலு பாட்டோட சக்தியை இப்பவாவது ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பாட்டுக் கேட்ட ஆட்டக்காரன் காலில் எப்படி ரத்தம் ஏறுகிறது, பந்து எப்படிச் சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று மாநகர சபைச் சுற்றறிக்கை வாசிப்பது போல நீளமாக விளக்கினார். தோற்ற அணி ரசிகரான ஷப்ராஸ் வயரில்லாத ஒலிபெருக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது குடையும் பிளாஸ்க்குமாக ஒரு பெண் மேசைக்கு வந்தாள். நவ்பரின் மனைவி றமீலா. தோற்ற வீட்டுக்காரிக்கு ஆறுதலாக இராமையா கதிரையை அவள் பக்கம் தள்ளினார்.

"அண்ணன், கோல் விழுந்தா அந்தப் பாட்டுத்தானே வழமை" என்றாள் அவள். "ரெண்டாவதுக்கு நீங்க பாடவே இல்லயே."

சந்தோஷத்தில் மறந்துபோனது, அடுத்த வருடம் கேசட்டைச் சரிபண்ணிக் கட்டாயம் போடுகிறேன் என்று இராமையா சமாதானம் சொன்னார்.

"அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக்கிட்டிருக்க ஏலாது அண்ணன், இப்பயே பாடுங்க" என்றாள் றமீலா. "ஒருக்கா கேட்டா எனக்குப் பத்தாதுன்னுதான், இவர் இத்தன வருஷமா அந்த ரெண்டாவது கோல உட்டுக்கிட்டு வாறார்."