மாப்பிள்ளையின் தாயை அழவைத்த கிரஞ்ச் பாட்டு

சொந்த அக்காவின் கலியாணத்தில் ஒப்பாரி வைத்த தம்பி, எனக்குத் தெரிந்தவரை, ஜெர்மனியிலேயே நான் ஒருவன்தான். வேண்டுமென்று செய்யவில்லை. பாட்டின் அர்த்தம் தெரியாமல் செய்தேன்.

2003. எனக்குப் பத்தொன்பது வயது. ஹம் நகரில் மின்வேலைக்கு ஆஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்தேன். தோள்வரை முடி, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். (அம்மா அதை இரண்டு தடவை தைத்தார். நான் இரண்டு தடவையும் மறுபடி கிழித்தேன்.) தொண்ணூறுகளில் அமெரிக்காவில் கிளம்பிய கிரஞ்ச் இசைமேல் பைத்தியம். அந்த அலை அடங்கிப் பல வருடமாகியிருந்தது; எனக்குச் செய்தி அப்போதுதான் வந்து சேர்ந்தது.

அதில் ஒரு பாட்டுக்கு நான் அடிமை. மெதுவாகத் தொடங்கும். நடுவில் பாடகர் தொண்டை கிழியக் கத்துவார். 'கண்ணைத் திற, உன் கை ஏன் குளிர்கிறது, இன்னும் கொஞ்சம் இரு' என்று ஆங்கில வரிகள். காதல் பாட்டு என்று முடிவுகட்டினேன். கை ஏன் குளிர்கிறது? குளிர் ஊர், காதலியிடம் கையுறை இல்லை. அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

கலியாணத்துக்கு முதல் நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து விசா எடுத்து வந்திருந்தார்.

"மாமி வந்து ஒரு கிழமையாச்சு. என்னோட ரெண்டு சொல்லுக்கு மேல கதைக்கேல்லை. என்னைப் பிடிக்கேல்லையோ தெரியாது. நீ ஏதாவது பாடி அவவைச் சந்தோசப்படுத்து. தமிழில பாடு."

என் கிரஞ்ச் பாட்டையே இரவோடிரவாக மொழிபெயர்த்தேன். சந்தம் உதைத்த இடங்களில் 'ராசா' என்று போட்டு நிரப்பினேன்.

கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்கு முன் கிட்டாருடன் மேடை ஏறினேன். முதல் வரியில் ஓடித்திரிந்த சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். இரண்டாவதில் முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். உருகுகிறார்கள் என்று நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு கத்தும் இடத்துக்குப் போனேன்.

"எழும்பு ராசா, கண்ணைத் திற ராசா, கை குளிருதே ராசா..."

மண்டபத்தில் என்னைவிடச் சத்தமாக ஒரு குரல் கேட்டது. கண்ணைத் திறந்தேன். மாமி நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்தார். மணமேடையில் அக்காவின் முகம் வெளிறிவிட்டது. யாரோ "அபசகுனம்" என்றார்கள். மின்வேலை படித்தவன் நான். ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கியது அப்பா.

சமையலறைக்குள் ஓடி ஒளிந்தேன். என்னோடு பயிற்சி செய்யும் ஜெர்மன்காரன் யென்ஸ் பின்னாலேயே வந்தான். மெட்டை வைத்தே பாட்டைக் கண்டுபிடித்திருந்தான்.

"செத்துப்போன நண்பனின் கட்டில் பக்கத்தில் இருந்து எழுதிய பாட்டு அது," என்றான் ஜெர்மனில். "கலியாணத்தில் பாடுவது உங்கள் வழக்கமா?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மாமி. பின்னால், கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, என்னைக் கொல்லும் பார்வையுடன் அக்கா.

"தம்பி, ஆர் செத்தது?" என்று மாமி கேட்டார்.

"எனக்குத் தெரியாது, மாமி. ஒரு வெள்ளைக்காரன்ர சிநேகிதனாம். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "என்ர மூத்த மகன் சண்டை நேரம் செல் விழுந்து செத்தவன். அண்டைக்கே ஊரை விட்டு வெளிக்கிட்டம். அவனுக்கு வாய்விட்டு அழக்கூட எனக்கு நேரம் கிடைக்கேல்லை." பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்த நாள் முதல் எல்லாரும் என்னைச் சிரிக்கச் சொல்லுகினம். ஏலாமல் இருந்தது, பிள்ளை. உன்னில ஒரு குறையும் இல்லை."

அக்கா அழுதாள். அழுகை முடிந்ததும் மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது," என்றார். யென்ஸ்தான் சோறு போட்டுக் கொடுத்தான். அக்கா பக்கத்தில் இருந்து கறி பரிமாற, மாமி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

உறவுக்குள் என் சொந்தப் பெயர் அன்றோடு போயிற்று, நான் 'ஒப்பாரி'. எங்கள் வீட்டுக்குக் கலியாணம் சொல்ல வருபவர்கள், "ஒப்பாரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கிட்டார் இல்லாமல்," என்றுதான் சொல்வார்கள்.

மாமி மட்டும் வருடத்தில் ஒரு நாள், மகனின் நினைவுநாளில், யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுப்பார். நான் பாடுவேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று ஒருமுறை கத்தும் இடத்தை மெதுவாகப் பாடினேன்.

"தம்பி," என்றார் மாமி, "அடிவயித்தில இருந்து சத்தம் வரேல்லை. திரும்பப் பாடு."