சுழித்தரகர் துண்டு போட்ட பாட்டு

இப்போ டிவியில் வாராவாரம் பாட்டுப் போட்டி நடத்துறாங்களே, அதைக் கண்டுபிடிச்சது எங்க ஊர் மாட்டுத் தரகர்தான். கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். டிவின்னா என்னன்னே எங்க ஊருக்குத் தெரியாத காலத்தில், சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பியில் அதை அவர் நடத்திக் காட்டிட்டார்.

அவருக்கு வீட்டில் வெச்ச பேர் என்னன்னு எனக்குத் தெரியாது. மாட்டு உடம்பில் இருக்கிற மயிர்ச் சுழியைப் பார்த்து ராசி சொல்றதில் கெட்டிக்காரர், அதனால் ஊருக்கே அவர் சுழித்தரகர். வாய் ஓயாத மனுசர். எந்த மாடு யார் தோட்டத்தில் பொறந்துச்சு, எந்த வீட்டில் கிடேரி காணாமப் போச்சு, எந்த வீட்டில் மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா, எல்லாம் அவர்கிட்ட இருக்கும். கேட்காமலேயே சொல்லுவார்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவர் வாய் மூடும். சந்தையில் வெலையை வெளியில் சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேர் கை மேலயும் ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலை அமுக்கியே பேரம் பேசுவாங்க. துண்டுக்குள்ள நடந்ததைச் சுழித்தரகர் சம்சாரத்துக்கிட்டகூடச் சொன்னதில்லை. "அது தொழில் தர்மமுங்க" என்பார். மத்ததெல்லாம் எந்த தர்மத்தில் சேர்த்தின்னு நாங்க கேட்டதில்லை.

எங்க ஊர் இளைஞர் மன்றம் நோம்பிக்குப் பாட்டுப் போட்டி வைக்கும். நான்தான் மன்றத்துச் செயலாளர். மொதல் ரெண்டு வருசம் கூட்டம் பொரிகடலை தின்னுட்டுத் தூங்கிப் போச்சு. "அடுத்தது எண் ஏழு" என்பார் அறிவிப்பாளர். எண் ஏழு வந்து பாடிட்டுப் போகும். மூணாவது வருசம் சுழித்தரகருக்குப் பொறுக்கலை. மேடையேறி மைக்கைப் புடுங்கினார்.

"ஏனுங்க, மாட்டைக் கொண்டாந்து நிறுத்திட்டு நம்பர் சொன்னா எவன் வாங்குவான்? எந்த ஊடு, என்ன தீனி, எத்தனை ஈத்துன்னு சொல்ல வேண்டாமுங்களா?"

அப்போ மேடையில் நின்னவன் ஒரு லாரி கிளீனர். அவன் தோள்மேல கையைப் போட்டுக்கிட்டார். "இவன் நாக்பூருல இருந்து நேத்துத்தானுங்க வந்தான். வழி பூரா டிரைவர் தூங்காம இருக்கறதுக்கு இவன்தான் பாடிட்டே வந்திருக்கறான். சுருதி முன்னப் பின்ன இருக்கும். ஆனா லாரி கவுழலீங்க. அதைப் பாருங்க."

தூங்கினவங்க எல்லாம் எழுந்து உட்கார்ந்தாங்க. கிளீனர் பாடின பாட்டு பாட்டாவே இல்லை, ஆனா கூட்டமே அவனோட லாரியில் ஏறி நாக்பூர் போய்ட்டு வந்துச்சு. ஒருத்தன் யாருன்னு தெரிஞ்சுட்டா, அவன் தப்பாப் பாடறப்போ நம்ம நெஞ்சு ஏன் அடிச்சுக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம் மைக் அவர் சொத்து. தொழில் வாசனை மட்டும் போகலை. பெரிய தோட்டத்து மருமகளை மேடையில் நிறுத்தி, "சாதுங்க. சுழி சுத்தம். கொழந்தை கிட்டப் போனாலும் முட்டாது" என்றார். கூட்டத்தில் இருந்த மாமியார், "அதை எங்க ஊட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பார்த்துட்டுச் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

டைலர் விவகாரம்தான் எல்லை மீறிப் போச்சு. போன வாரம் எருமை செத்த துக்கத்தோடு டைலர் பாட வந்திருக்கார்னு சொல்லி, எல்லாரையும் அழ வெச்சுட்டார். டைலரோ, "எருமை நல்லாத்தானுங்க இருக்குது" என்கிறார். "சாகற மாதிரி இருந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன, பாடு" என்றார் சுழித்தரகர். கழுதைகூடக் காது குடுக்காத குரலில் பாடின டைலருக்கு உள்ளூர் ஜட்ஜுங்க மூக்கைச் சிந்திக்கிட்டே மொதல் பரிசைக் குடுத்தாங்க. பெரிய சண்டை. அடுத்த வருசம் வெளியூர் ஜட்ஜ்தான் வேணும்னு முடிவாச்சு. சேலத்துச் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற கிறிஸ்தவ வாத்தியார் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வந்தோம்.

அந்த வருசம் மரகதம் பேர் குடுத்திருந்தாள். சவ்வரிசி ஆலையில் வேலை. அவள் வாழ்க்கையில் ஒண்ணு நடந்துபோச்சு. அதுக்கப்புறம் அவள் தெருவில் நடந்தா "ஐயோ பாவம்"னு சொல்லாத வாய் ஊரில் கிடையாது. கடையில் ஒரு பிடி பருப்பு கூடப் போட்டாலும் அது பாவத்துக்குத்தான்.

சுழித்தரகர் ஒரு வாரமா அந்தக் கதையை மெருகேத்திக்கிட்டு இருந்தார். "இந்த வருசம் பாரு தம்பி, மைக்கே அழுவும்" என்றார் என்கிட்ட.

மேடைக்குப் பின்னால் மரகதம் அவரைத் தேடி வந்தாள். நான் பக்கத்தில்தான் நின்னேன்.

"அண்ணா, என் கதையைச் சொல்லாதீங்க."

"சொன்னா கல்லுங்கூடக் கரையும் சாமி. மொதப் பரிசு உனக்குத்தான்."

"அதுக்குத்தானுங்க வேண்டாங்கறேன். இந்த ஊர்ல என் கதை தெரியாதவரு அந்த ஆர்மோனிய வாத்தியார் ஒருத்தர்தான். அவராச்சும் பாட்டை மட்டும் கேக்கட்டுமுங்க."

சுழித்தரகர் முகத்தைப் பார்க்கணுமே! ஒரு வாரம் ஊட்டி வளர்த்த காளையைக் கட்டுத்தறியிலேயே விட்டுட்டு வரச் சொன்ன மாதிரி ஆயிட்டார். தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல போட்டுக்கிட்டார்.

"துண்டுக்குள்ள பேசுனதா வெச்சுக்க சாமி. போய்ப் பாடு."

அவர் மேடையேறினார். "அடுத்தது, மரகதம்" என்றார். நிறுத்திட்டார். அந்த மனுசர் வாயைத் திறந்து இவ்வளவு சீக்கிரம் மூடி நான் பார்த்ததே இல்லை. கூட்டம் காத்துக்கிட்டு இருந்துச்சு.

"கதை எங்கீங்க?" என்றான் ஒருத்தன்.

சுழித்தரகர் கைமேல துண்டைப் போட்டு எல்லாருக்கும் தெரியிற மாதிரி உசத்திக் காட்டினார். மாட்டுச் சந்தை ஊரு அது, யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கலை. சத்தம் அடங்குச்சு. மரகதம் பாடினாள். பாவம்னு ஒரு "உச்"சுக்கூடக் கேட்கலை.

மொதல் பரிசு பால் சொசைட்டி கிளார்க்குக்குப் போச்சு. அவன் நல்லாவே பாடியிருந்தான். மரகதத்துக்கு ரெண்டாவது பரிசு, ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி.

சுழித்தரகர் இடிஞ்சுபோய் உட்கார்ந்துட்டார். "நான் வாயைத் தொறந்திருந்தா மொதப் பரிசு. புள்ளை பொழப்பைக் கெடுத்துட்டனே" என்று தலையில் கை வெச்சுக்கிட்டார்.

மரகதம் போசியை ஆட்டிக்கிட்டு வந்தாள். அவள் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

"மூணாவது அடியில மூச்சு பத்தலைன்னு வாத்தியார் என்னைத் திட்டறாருங்கண்ணா" என்றாள், ஏதோ பட்டம் குடுத்த மாதிரி. "பாவம்னு குடுத்திருந்தா மொதப் பரிசே குடுத்திருப்பாங்க. இது பாட்டுக்குக் குடுத்தது."

சுழித்தரகர் துண்டால் முகத்தைத் துடைச்சார். வேர்வைன்னார்.

இன்னைக்கும் டிவியில் கதையைச் சொல்லி, வயலின் வாசிச்சு அழ வைக்கிறப்போ நானும் அழுதுக்கிட்டேதான் பார்க்கிறேன், பொய் சொல்லலை. ஆனா நடுவில் யாராவது ஒரு துண்டைப் போட மாட்டாங்களான்னு மனசு தேடுது.

மரகதத்துக்கு அப்படி என்னதான் நடந்துச்சுன்னு கேட்டு எனக்குக் கடுதாசி போடாதீங்க. சுழித்தரகர் துண்டு போட்டுட்டார். நான் வாயைத் திறந்தா அவருக்கு மனசு நோகும், அதை என்னால் தாங்க முடியாது.